பெரியம்மா குரலுக்கு ஒரு பேட்டரி

அம்மாவுக்குக் காது போய் அப்போது ஒன்பது வருஷம். அவளுடைய அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு, கண் போய் நாலு வருஷம். வாய் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். பெரியம்மா திருக்குறுங்குடியில், மலையடிவாரத்தில், கரண்ட் இன்னும் எட்டிப் பார்க்காத ஒரு தெருவில் இருந்தாள். கண் இருந்தவரை அவளே கார்டு எழுதுவாள். பொடிப் பொடி எழுத்து, விலாசத்துக்கு விட்ட இடத்திலும் பாதியைப் பிடித்துக்கொள்ளும். கண் போன பிறகு மாட்டுப்பெண் எழுத ஆரம்பித்தாள். 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்.' அம்மா அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளுவாள்.

"இது அவ மாட்டுப்பொண் லெட்டர்டி. அக்கா இதுல எங்க இருக்கா?"

அம்மாவோடு நாங்கள் பேசுவது அவளுடைய உள்ளங்கையில்தான். விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினால் பாதி வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டு வாயால் பதில் சொல்லிவிடுவாள். பெரியம்மா பேசுவதையும் யாராவது பக்கத்தில் இருந்து இப்படி எழுதிக் காட்டினால் போயிற்று என்று அப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு அவ குரல் வேணும். ரெண்டு பேர்ல ஒருத்தி போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை."

அந்த ஒரு தடவைக்காகத்தான் இத்தனை பாடும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. டவுனில் ஒரு பெண்கள் ஸ்கூலில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. என் வாய்தான் காரணம் என்று வீதியில் பேச்சு. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததை எதிராளி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என் குற்றம். அம்மாவுக்குக் காது முழுக்க அடைத்துவிடவில்லை, பலமான சத்தம் கொஞ்சம் உள்ளே போகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே, பெரிய கடைவீதிச் சந்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாயிடம் போய் நின்றேன். யுத்தத்தில் வயர்லெஸ் பார்த்த மனுஷர். ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை வைத்து இரண்டு மாதத்தில் ஒரு மெஷின் கட்டிக் கொடுத்தார். ஒரு தகரப்பெட்டி, அதன் முகத்தில் சின்னச் சிவப்பு பல்பு, நீள ஒயரில் தேங்காய் மூடி அளவு மைக், விமானம் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஹெட்போன். பேசுகிறவர் வாயருகே மைக்கைப் பிடித்தால் அம்மா காதில் இடி மாதிரி விழும்.

ஹெட்போனில் காதைத் தொடும் இடம் தோல். அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மறுநாளே பழைய பட்டுப்புடவையில் ஒரு துண்டைக் கிழித்து இரண்டு உறை தைத்துவிட்டாள். தோல் தீட்டு, பட்டுக்குத் தீட்டில்லை. அரக்குக் கலர் பட்டு உறையோடு, மடிசாரில், தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த வருஷம் தசரா லீவில் எங்கள் வீதிக்காரர்கள் சேர்ந்து ஒரு பஸ் பேசினார்கள். தெற்கே இருக்கிற திவ்ய தேசங்கள், மொத்தம் பத்து நாள். எட்டாம் நாள் திருக்குறுங்குடி. அம்மா பயணத் திட்டம் எழுதிய தாளை வாங்கி எட்டாம் நாளின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பஸ்ஸின் பின்பாதி சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை போட்டார்கள், குறுக்கே ஒரு திரை, மூலையில் ஸ்டவ், அரிசி, பருப்பு, ஒரு குடம் காவேரித் தண்ணீர், மடித்துணி உலர்த்த உயரத்தில் ஒரு மூங்கில். வீடே சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்பிய மாதிரி இருந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் கரண்ட் உண்டு. பஸ்ஸிலும் பெரியம்மா வீட்டிலும் மெஷினுக்கு என்ன வழி? மறுபடி பாயிடம் போனேன்.

"மூணு வழி இருக்கு டீச்சரம்மா" என்றார். "ஒண்ணு, கல்யாணத்துல மைக் செட்டுக்காரங்க வெச்சிருப்பாங்களே, பெட்ரோல் ஜெனரேட்டர்."

"அது போடற சத்தத்துல பஸ்ஸுல இருக்கிற அத்தனை பேருக்கும் காது போயிடும். அம்மாவுக்குத் துணை கிடைக்கும், அவ்வளவுதான்."

பாய் சிரித்தார். அலமாரியிலிருந்து செங்கல் அளவுக்கு ஒரு சிவப்பு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். கிராமத்து ரேடியோக்களுக்குப் போடுகிற டிரை பேட்டரி. "இது ரெண்டாவது. சொருகிட்டு மறந்துடலாம். ஊத்த வேணாம், திறந்து பாக்க வேணாம். தீந்துச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைச் சொருக வேண்டியதுதான். மூணாவது, கார் பேட்டரி. பலம் ஜாஸ்தி, ஆனா பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கணும். யாத்திரைக்கு நான் டிரை பேட்டரிதாம்மா சொல்லுவேன். ரெண்டா வாங்கிக்கங்க."

கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"தீந்தா தூக்கிப்போடற சாமானை நம்பி எப்படிப் போறது? கார் பேட்டரின்னா பஸ் ஓட ஓட டைனமோலேர்ந்து சார்ஜ் ஏறிண்டே இருக்கும். தீரவே தீராது. பௌதிகம் படிச்சவ சொல்றேன் பாய்."

"உங்க இஷ்டம்மா" என்றார். கார் பேட்டரிக்கு ஏற்றபடி மெஷினில் வேண்டிய மாற்றத்தைச் செய்து, ஒரு பாட்டிலையும் கையில் கொடுத்தார். "வாரத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பாருங்க. கொறஞ்சிருந்தா மட்டும் இந்த டிஸ்டில் வாட்டர் ரெண்டு சொட்டு. வேற எந்தத் தண்ணியும் ஆவாது."

வீட்டில் அப்பா பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். "இது எதுக்கு?" என்றார். "பேட்டரி குடிக்கறதுக்கு" என்றேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "யார் பிடிச்ச தண்ணியோ, எந்தப் பாத்திரத்துல பிடிச்சதோ" என்று முணுமுணுத்தார். நான் நின்று விளக்கவில்லை. அப்பாவுக்கு எதையும் நின்று விளக்குகிற வழக்கம் எனக்கு இருந்ததே இல்லை.

விடியற்காலையில் கிளம்பினோம். பேட்டரியை ஒரு மரப்பெட்டியில் வைத்து அம்மாவின் சீட்டுக்கு அடியில் இறக்கி, டைனமோவிலிருந்து டிரைவர் ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தார். காவேரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் நான் மைக்கை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். அம்மா இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இது என்ன இப்படி ஹோன்னு?"

அவள் கையில் 'காவேரி' என்று எழுதினேன். பாலம் முடிகிற வரை அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

எடமலைப்பட்டி புதூர் தாண்டினால் அப்போதெல்லாம் வெறும் பொட்டலும் பனையும்தான். விராலிமலைப் பக்கம் மயில் அகவியது. அம்மா சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் எனக்கு அந்த நாட்கள் தனித்தனியாக ஞாபகம் இல்லை, எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கின்றன. பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூங்கிலில் ஈரப் புடவைகள் ஆடுகின்றன. யாரோ புளியோதரைக்குத் தாளிக்கிறார்கள். சாயங்கால மழை கூரைத் தகரத்தில் விழுகிறது, அம்மா மைக்கைத் தூக்கிக் கூரைக்கு நேராகக் காட்டுகிறாள். ஒரு ஊரில் மாட்டு மணி, ஒரு ஊரில் தறிச் சத்தம், ஒரு குளக்கரையில் துணி துவைக்கும் சத்தம். இறங்கிக் கோயிலுக்குப் போன நேரத்தைவிட பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தில் ஒவ்வொரு சத்தமாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் எனக்கு யாத்திரை. அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

விடியற்காலைகள் இன்னும் கனவு மாதிரி. திரைக்குப் பின்னால் பலகையில் அரைத்தூக்கத்தில் கிடப்பேன். அப்பா எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்துவிட்டு வந்து, அம்மாவின் சீட்டுப் பக்கம் உட்கார்ந்து, கேசவா, நாராயணா என்று பன்னிரண்டு நாமத்தையும் மெல்லச் சொல்லுவார். திருமண் இட்டுக்கொள்ளும்போது தினமும் சொல்லுவதுதானே என்று நான் புரண்டு படுப்பேன். பச்சைக் கற்பூர வாசனையும் ஏலக்காய் வாசனையும் திரையைத் தாண்டி வரும். அந்த வாசனையிலேயே மறுபடி தூங்கிவிடுவேன்.

நாலைந்து நாள் போனதும் அப்பாவின் வேட்டியில் மிளகு மிளகாக ஓட்டை. "ஸ்டவ் பக்கம் போகாதேங்கோன்னா கேக்கறேளா?" என்று சத்தம் போட்டேன். அப்பா கொசுவத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா, "மெஷின் இன்னிக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கோடி?" என்று கேட்டாள். நான் 'காற்று' என்று எழுதினேன். நவதிருப்பதியில் மறுபடியும் கேட்டாள். 'வெயில்' என்று எழுதினேன். பஸ் முழு நாளும் ஓடுகிறது, டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது, நான் தேர்ந்தெடுத்த பேட்டரிக்கு என்ன கேடு?

எட்டாம் நாள் காலை பத்து மணிக்குத் திருக்குறுங்குடி. மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. அப்பாவும் மற்றவர்களும் பெருமாள் சேவைக்குப் போனார்கள். டிரைவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுவந்து பெரியம்மா வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். மாட்டுப்பெண் எங்களை உட்காரவைத்துவிட்டுத் தளிகை ஆகவில்லை என்று உள்ளே போனாள். ஆக, கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். பெரியம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக ஆகிப்போயிருந்தாள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கையால் அவள் முகத்தைத் தடவி, அப்படியே காதுக்குப் போனாள்.

"இது என்னடி, காதுல ரெண்டு கொழுக்கட்டை?"

நான் மைக்கை அவள் கையில் கொடுத்து, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு பல்பு எரிந்தது.

"இதுல பேசு பெரியம்மா. அம்மாவுக்குக் கேக்கும்."

பெரியம்மா மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டாள். "அடி குட்டி! வந்துட்டியா?"

அம்மா அசையவில்லை. பிறகு அவள் வாய் கோணிக்கொண்டு வந்தது. "அக்கா! உன் குரல் நம்ம அம்மா குரல் மாதிரியே ஆயிடுத்தே" என்றாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் அழுதேன். வெட்கமில்லாமல், நன்றாக அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பல்பு மங்கிக்கொண்டிருந்தது.

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினேன். ஒயரைப் பிடுங்கிச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். வால்வுகளை ஒவ்வொன்றாக அசைத்து உட்காரவைத்தேன். பேட்டரியின் நுனிகளைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். பல்பு ஒரு கணம் சிவந்தது, பிறகு அதுவும் இல்லை. பாயைத் திட்டினேன், ராணுவத்தைத் திட்டினேன். பிளேடு எடுத்து இன்னும் எதையோ சுரண்டினேன். எனக்குப் பின்னால் பெரியம்மா பேசிக்கொண்டே இருந்தாள். பேசுகிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மா நடுநடுவே "ம்" என்றாள், "ஆமாம் அக்கா" என்றாள். அம்மாவுக்கு இன்னும் ஏதோ கொஞ்சம் கேட்கிறது போலிருக்கிறது, அதற்குள் சரிபண்ணிவிட வேண்டும் என்று எனக்குக் கை பறந்தது. ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா அம்மாவின் இரண்டு கையையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மைக்கில் குரலைத் தாழ்த்தி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி, விட்ட ஸ்க்ரூவைத் தேடினேன்.

இப்படி முக்கால் மணி நேரம் போயிருக்கும். பஸ் ஹார்ன் அடித்தது. மாட்டுப்பெண் இலை போடுகிறேன் என்றாள், நேரம் இல்லை. பெரியம்மா அம்மாவைத் தடவித் தடவி விட்டாள். அதுதான் கடைசி. அடுத்த தை பிறப்பதற்குள் பெரியம்மா போய்விட்டாள்.

பஸ் கிளம்பிய பிறகு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பேட்டரியின் முதல் மூடியைத் திருகித் திறந்தேன். கழுத்து வரை தண்ணீர். பச்சைக் கற்பூர வாசனை. அதன் மேல் கறுத்துப்போய் ஒரு துளசி இலை மிதந்தது. அடுத்த மூடியைத் திறந்தேன், அதிலும் வாசனை. பெட்டியின் அடிப்பலகை ஊறிப் பொரிந்திருந்தது. அமிலம் எல்லாம் வழிந்து வெளியே போய், உள்ளே இருந்தது முக்கால்வாசி தீர்த்தம்.

"அப்பா!"

அப்பா எழுந்து வந்தார். வேட்டியில் அந்த ஓட்டைகள். பௌதிக டீச்சர் நான், அமிலம் தெறித்த ஓட்டையைப் பார்த்து ஸ்டவ் நெருப்பு என்று சண்டை போட்டிருக்கிறேன்.

"இதுல என்ன விட்டேள்?"

"காவேரி" என்றார். "குடத்துல கொண்டுவந்தோமே, அது. ஆறு வாய் இருந்தது. வாய்க்கு ரெண்டு நாமம், ரெண்டு உத்தரணி தீர்த்தம். தினம் காத்தால."

"எதுக்கு? எதுக்குப்பா? யார் உங்களை விடச் சொன்னா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் கடைத் தண்ணி, யார் தொட்டதோ என்னவோ. உங்கம்மா காதுக்குப் போறதும்மா. அவளுக்கு நன்னாக் கேக்கட்டும்னுதான்."

டிரை பேட்டரியை வாங்கியிருந்தால் எதையும் விட ஒரு ஓட்டைகூட இருந்திருக்காது. பாட்டிலைப் பற்றி அப்பா கேட்ட அன்று ஒரு நிமிஷம் நின்று சொல்லியிருந்தாலும் போதும். இரண்டும் நான் செய்ததுதான். மூடியைப் போட்டு மூடிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா என் தோளைத் தட்டினாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். நாங்கள் போட்ட சண்டை எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. முகம் தெளிவாக, கொஞ்சம் சிவந்து, இளமையாகக்கூட இருந்தது.

"அப்பாவோட என்ன சண்டை? இங்க வா" என்றாள். "அது எப்பவோ நின்னுபோயிடுத்துன்னு எனக்குத் தெரியும். நாலு வார்த்தை கேட்டேன், அப்பறம் ஒண்ணுமே இல்ல. சொன்னா அக்கா பேச்சை நிறுத்திடுவா. பாவம், எத்தனை நாளாச் சேத்து வெச்சிருந்தாளோ, பேசட்டும்னு தலையை ஆட்டிண்டே இருந்தேன். நீதான் பக்கத்துலயே இருந்தியே, உன்னைக் கேட்டுக்கலாம்னு."

உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"மொதல்லேர்ந்து எழுது. அழுதாளே, அப்ப என்ன சொன்னா?"

அப்பா கோயிலில் இருந்தார். மாட்டுப்பெண் சமையலறையில் இருந்தாள். இரண்டடி தூரத்தில் இருந்தது நான் ஒருத்திதான். என் விரல் அம்மாவின் கையில் போய் நின்றது. ஏதாவது ஒரு வார்த்தை, பாதி வார்த்தை, ஞாபகத்தில் இருக்குமா என்று துழாவினேன். ஸ்க்ரூ உருண்டு போன திசைகூட ஞாபகம் இருந்தது. பெரியம்மா சொன்னதில் ஓர் எழுத்து இல்லை.

அம்மா காத்திருந்தாள். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெல்லக் கையை மடக்கிக்கொண்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"உனக்குக் காது நன்னாத்தானேடி இருக்கு?"